சகலையின் கப்பல்

மாமியாருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். சின்னவர் 'கேப்டன் மாப்பிள்ளை'. பெரியவர் வெறும் 'ஹார்பர் மாப்பிள்ளை'.

துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறிப் பாதுகாப்பைச் சோதிப்பது பெரியவரின் வேலை. பத்தொன்பது வருடமாக. குறை பெரிதென்றால், அவர் கையெழுத்துப் போட்டால் கப்பல் நகராது. இது மாமியாருக்குத் தெரியாது.

சகலையின் கப்பல் சோதனைப் பட்டியலில் வந்தபோது, கேப்டன் உறவுக்காரர் என்று சொல்லி ஒதுங்கியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் மனைவி கேட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவாரா?"

"சாயங்காலமே கப்பல் கெளம்பிடும்."

"ஒரு வேளை சோறு போடக்கூட கொடுத்து வைக்கல. நீங்களும் இருக்கீங்களே, பெரிய ஆபீசர்னு!"

ஏணியில் ஏறும்போதே கண் துருவைத் தேடியது. இல்லை. உயிர்காப்புப் படகின் எஞ்சின் முதல் தடவையிலேயே உறுமியது. தீத்தடுப்புக் கதவுகள் கச்சிதமாகச் சாத்திக்கொண்டன. பின்னால் வெள்ளைச் சட்டையில் வந்த சகலைக்குத் தொப்பைகூட இல்லை. இவருக்கு வயிறு எரிந்தது.

"அவசரத் தீயணைப்பு பம்ப்பைப் போடச் சொல்லுங்க."

பம்ப் ஓடியது. குழாய் முனையில் இருமல்போலக் காற்றுதான் வந்தது. பத்து நிமிடமாகியும் ஒரு சொட்டு இல்லை. இவருக்கு மனம் குளிர்ந்தது.

"இதுக்குக் கப்பலை நிறுத்தணும், தெரியுமில்ல?"

சகலை அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நிறுத்துங்கண்ணே. மூணு மாசமா கம்பெனிக்கு எழுதறேன். அடுத்த துறைமுகம், அடுத்த துறைமுகம்னு தள்ளிவிடறாங்க. இருபத்திரண்டு பேர் உசுரு. நீங்க வர்றீங்கன்னதும்தான் நிம்மதியாச்சு. உங்க கண்ணுக்குத் தப்பாதுல்ல."

படிவத்தில், அடுத்த துறைமுகத்தில் சரிசெய்யலாம் என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே போய் நின்றது. விட்டுவிட்டால் சாயங்காலம் ஆள் போய்விடுவான். குழாய் மறுபடி இருமியது. பேனாவைக் கீழே இறக்கி, நிறுத்தும் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

பம்ப்புக்கான பாகம் வர நாலு நாள் ஆகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, நாலு நாளும் சாப்பாடு, தூக்கம் எல்லாம் இங்கதான். இவருதான் நிறுத்தி வெச்சிருக்காரு!"

மாமியாரின் குரல் கூடத்தில் நிற்பவருக்கே கேட்டது. "ஹார்பர் மாப்பிள்ளைக்குத் தங்கமான மனசுடீ. கேப்டனுக்கு முதுகு வலி, உங்க கட்டிலைக் குடுத்துடு."

மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தார்.