அப்படியும் சொல்லுவோம்

தொழில் செய்கிறவர்களிடம் ஒரு சொல் புழக்கத்தில் இருக்கும்போது அதற்குப் புதுச்சொல் ஆக்கக் கூடாது. புழங்கும் சொல்லைத் தள்ளினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஏலக்காய்த் தொழிலுக்குக் கலைச்சொல் வகுத்த குழுவின் விதி இது. இதை எழுதியவன் குழுவின் தலைவன், மொழியியல் பேராசிரியன், கல்லூரியில் என்னோடு படித்தவன். எழுதிக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்டான். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தியவன் நான். கமா கூட மாற்ற வேண்டாம் என்றேன்.

அவனுக்கு ஓர் ஆதர்சம் உண்டு. ஸ்பெயினில் பேசும் கட்டலான் மொழியை ஒழுங்கு செய்தவர், படிப்பால் பொறியாளர். வேறு ஊரில் வேதியியல் கற்பித்துக்கொண்டே தன் மொழிக்கு இலக்கணம் செய்தார், பிறகு அகராதியும் செய்தார். பார்சலோனாக்காரர்களின் வாயை மட்டும் பார்க்காமல் மற்றப் பகுதிகளின் பேச்சுக்கும் எழுத்துமுறையில் இடம் விட்டாராம். இதை அவன் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். நானும் நம்பினேன், அவரையும் இவனையும்.

சொல் சேகரிக்க எங்கள் ஊர் போடிக்கு வந்தவனை முதலில் ஒரு ஏலக்காய்க் கடையின் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து காய் பொறுக்கும் பெண்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மேற்பார்வையாளர் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வு எழுத இருந்தாள். குழுவின் சொற்களில்தான் கேள்வித்தாள் வரும். "நாங்க பேசுற தமிழ்ல கேப்பாகளாண்ணே?" என்று என்னைக் கேட்டிருந்தாள். கேட்பார்கள், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன்.

முதலாளி நாற்காலி போட்டார், டீ வந்தது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். செடியின் அடியில் காய் பிடித்து நீளும் சரத்தைப் படத்தில் காட்டி, "இதை மஞ்சரின்னு சொல்லுவீங்களா?" என்றான்.

"அப்படியும் சொல்லுவோம் சார்."

பறிக்கும் சுற்றுக்கு 'அறுவடைச் சுழற்சி' என்றான். அப்படியும் சொன்னார்கள். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு 'உலர்களம்'. அதற்கும் அதே பதில். அவன் எதைக் கேட்டிருந்தாலும் அப்படியும் சொல்லியிருப்பார்கள். விருந்தாளியை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது இந்த ஊரில் வழக்கமில்லை.

வெளியே வந்ததும் இதை அவனுக்கு விளக்கினேன். சிரித்தான், புரிந்தது என்றான். மறுநாள் குரங்கணிக்கு மேலே ஜீப்பில் போனோம். பறிப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் எங்களுக்காக நிற்கவில்லை. "ஏய், சரத்த மிதிக்காத", "இந்த எடுப்புல கருங்காய் கம்மி", "வெரசா வாங்கடி, ஸ்டோருக்கு லோடு போகணும்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பறிக்கும் சுற்று அவர்களுக்கு எடுப்பு, விதை கறுத்து முற்றிய காய் கருங்காய். அவன் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியபடி பின்னாலேயே நடந்தான். "இதுதான்டா மொழி" என்றான். இறங்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. மலைக்காற்றாகவும் இருக்கலாம்.

தேர்வு முடிந்த அன்று அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"மஞ்சரியைப் பராமரிக்கும் முறைகளை எழுதுகன்னு இருந்துச்சு. யாரோ பொம்பளையாக்கும்னு விட்டுட்டேன்."

"அன்னைக்கு நீயும்தானம்மா அப்படிச் சொல்லுவோம்னு தலையாட்டுன?"

"வீடு தேடி வந்த மனுசன்ட்ட இல்லன்னா சொல்லுவாக? அது ஒங்களுக்குத் தெரியும். நீங்க அவருக்குச் சொல்லிருப்பீகன்னுல்ல நெனச்சேன்."

சொல்லியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு பயனும் இல்லை.

அவனுக்கு ஃபோன் செய்தேன்.

"மலையில எடுத்ததுல ஒரே காத்துச் சத்தம்ப்பா. கொட்டகையில எடுத்தது சுத்தமா இருந்துச்சு. அவங்களே ஒத்துக்கிட்ட சொல்லு, பதிவு இருக்கு. விதிப்படி சரிதானே?"

"உன் பொறியாளர் இப்படியா செஞ்சாரு?"

"அவருக்கு யாரும் மாசக் கடைசிக்குள்ள முடிங்கன்னு கெடு வைக்கல."

கமா கூட மாற்ற வேண்டாம் என்று நான் சொன்ன விதியைக் கொண்டே என்னைக் கட்டிப்போட்டுவிட்டான். கருவி பழுது என்றிருந்தால் மன்னித்திருப்பேன். அந்தப் பெண்களின் மரியாதையை அது மரியாதை என்று தெரிந்தே சம்மதமாக எழுதிக்கொண்டான்.

குழுவுக்கு முறையீடு அனுப்பினேன், முறைப்படி, உரிய வழியில். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அவள் எழுத வேண்டிய மறுதேர்வு நெருங்கியது.

கடைசியில் அவளே வந்தாள். "அந்த மனுசன் தமிழச் சொல்லிக்குடுங்கண்ணே. எனக்குச் சோலி வேணும்." மஞ்சரி, உலர்களம், அறுவடைச் சுழற்சி என்று குழுவின் சொற்பட்டியலிலிருந்து என் வாயாலேயே சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைத்தேன். நடுவே ஒருமுறை நிமிர்ந்து, "இதெல்லாம் நாங்க சொன்னதுன்னா போட்டுருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்க வாயி பெரிய வாயிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒப்பித்தாள்.

மறுதேர்வை நன்றாக எழுதியதாகச் சொன்னாள். "கருங்காய்னு ஒரு எடத்துலயும் எழுதலண்ணே, பயப்படாதீக" என்றாள்.

'தொழிலாளர்கள் தாமே வழங்கிய சொற்களே ஏற்கப்பட்டுள்ளன' என்று என் முறையீட்டுக்குப் பதில் வந்தது, மறுதேர்வுக்கு மறுநாள்.