பதினான்காம் விதியின் கீழ் ஒரு தேசிய அணி

ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் இல்லாத நாடொன்றில் பிறந்த ஆண்கள், தாம் தற்போது வாழும் நாட்டில் ஓர் அணியாகச் சேர்ந்து விண்ணப்பித்தால், அவர்களைப் பிறந்த நாட்டின் தேசிய அணியாகப் பதிவு செய்யலாம். விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் செயலகம் எழுத்தில் பதில் அளிக்கும். குளிர்காலம் இல்லாத நாடுகளுக்கென்று நடத்தப்பட்ட ஒரு சுற்றுப்போட்டியின் விதிக்கோவையில் இது பதினான்காம் விதி. நான் அதை மூன்று தடவை வாசித்தேன். பிழை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு விதியைக் கண்டால் எனக்கு வரும் சந்தோஷத்தை என் மனைவி ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை.

கனடாவில், நகரசபையில் இருபத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலை ஐஸ் பங்கிடுவது. எந்தச் சங்கத்துக்கு எந்த அரினாவில், அதாவது உள்ளரங்கில், எத்தனை மணிக்கு ஐஸ் தளம் கிடைக்கும் என்பதை விண்ணப்பப் படிவங்களை வைத்துத் தீர்மானிக்கும் மேசை அது. ஒரு நாளும் ஸ்கேட்டில் ஏறியதில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே எங்கள் ஆட்கள் சிலர் வீட்டுக்கு வந்து, ஒரு ஐஸ் ஹொக்கி அணி தொடங்கப் போவதாகவும் நான்தான் செயலாளர் என்றும் சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள்.

அணி உண்டான விதம் சாதாரணமானது. பிள்ளைகளை ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், பலகை இருக்கையில் குந்தியிருந்து விறைத்துப்போன நான்கு தகப்பன்மார், விறைப்பதென்றால் உள்ளே இறங்கியே விறைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பிறகு எங்கள் ஆட்கள் எதையும் தொடங்கும் முறைப்படி முதலில் நிர்வாகசபை தெரிவானது. தலைவர் ஒருவர், உபதலைவர் இருவர், செயலாளர், பொருளாளர், போஷகர்கள் மூவர், உறுப்பினர் ஒன்பது பேர். விளையாட ஆட்கள் எட்டுப் பேர். ஸ்கேட் வாங்குவதற்கு முன்பே சிறப்பு மலர் வெளியிட உபகுழு அமைத்தார்கள். மலருக்கு 'அணியின் வரலாறு' எழுதும் பொறுப்பு என்னுடையது. அதுவரை அணி ஆடியது ஒரேயொரு ஆட்டம். மார்க்கம் நகரில், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியைகளின் அணிக்கு எதிராக. பதினொன்றுக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஆசிரியை ஒருவரின் ஸ்கேட்டில் பட்டுத் தவறி உள்ளே போனது. இதை வைத்து மூன்று பக்கம் எழுதினேன். ஐஸ் என்பது எங்கள் நாட்டில் மீன் பெட்டியிலும் சர்பத்துக் கடையிலும் மட்டும் காணப்பட்ட பொருள் என்று தொடங்கினேன். தலைவர் வாசித்துவிட்டு, வரலாறு இன்னும் கொஞ்சம் பழையதாக இருக்கலாமே என்றார்.

அணியில் உருப்படியான ஆட்டக்காரர் எவரும் இல்லை. கோல் காப்பவனை, நாங்கள் கோலி என்று கூப்பிட்டவனை, மட்டும் ஓரளவு சொல்லலாம். அவனுக்கு வயது முப்பத்திநான்கு. மார்க்கம் நகரில் பாண் போடும் பேக்கரித் தொழிற்சாலையில் வேலை, ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் வாடகை. அவனுக்கு ஸ்கேட் ஓடவே வராது. நிற்க வரும். அந்தத் தகுதியில்தான் கோல் வாசலில் நிறுத்தப்பட்டான். உடம்பு முழுக்கக் கவசம் கட்டி, கம்பி முகமூடியை இழுத்துவிட்டால், பக் என்ற ரப்பர் வட்டு எந்தப் பக்கம் வந்தாலும் அவன் மீது எங்கேயோ பட்டு நிற்கும். அவன் அம்மா வன்னியில் இருந்தார். 2009 தை மாதம், சண்டை இறுகிய பிறகு தொலைபேசி இல்லை.

மாசி முடிய விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எட்டுப் பேரின் பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, புகைப்படம். அதுவரை நிர்வாகசபையில் எவருக்கும் ஆட்சேபனை இருக்கவில்லை. நாட்டின் பெயரைப் படிவத்தில் எழுதியபோது தலைவர் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். சித்திரையில் முப்பது நாள் கடந்தது. நினைவூட்டல் கடிதம் எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு அட்டை வந்தது. இரண்டாவது நினைவூட்டலுக்கு அதுவும் வரவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் எல்லாரும் சண்டையை நிறுத்தக் கேட்டு யூனிவேர்சிற்றி அவெனியூ வீதியில் நின்றார்கள். கோலியும் இரவு வேலை முடித்து நேரே அங்கே போவான். ஞாயிறு விடிய ஆறரைக்கு எங்களுக்கு ஐஸ். நகரத்திலேயே எவரும் கேட்காத நேரம் அது, எனக்குத்தான் தெரியுமே. அதற்கும் வந்துவிடுவான், கோஷம் போட்டுத் தொண்டை கட்டி, பேச்சு வராமல். வைகாசியில் ஒரு ஞாயிறு மாலை சனம் விரைவுச்சாலையில் ஏறிக் குந்தியபோது அவனும் ஏறினான். நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். விரைவுச்சாலையில் கூட்டம் கூட எந்தப் படிவத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று யோசித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் யோசித்தேன்.

பத்து நாளுக்குள் அங்கே யுத்தமும் எல்லாமும் முடிந்தது.

அடுத்த ஞாயிறு பயிற்சி நடக்கவில்லை. ஐஸ் எங்களுக்காகத் தீட்டி மினுக்கி வைக்கப்பட்டிருந்தது, எவரும் இறங்கவில்லை. உடை மாற்றும் அறையில் நிர்வாகசபை கூடியது. உபதலைவர்களில் ஒருவர், அவருடைய சொந்தக்காரர் அத்தனை பேரும் எப்போதோ இங்கே வந்து அஜக்ஸிலும் விட்பியிலும் வீடு வாங்கி இருக்கிறார்கள், விண்ணப்பத்தை உடனே வாபஸ் வாங்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். அந்த நாட்டின் பெயரில் ஆடுவதைவிட ஆடாமலே இருக்கலாம் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அழுதுகொண்டுதான் சொன்னார்.

கோலி கவசத்தை ஒரு காலில் மட்டும் கட்டியிருந்தான். அவன் அம்மாவின் பெயர் ஒரு முகாமின் பட்டியலில் இருப்பதாக வவுனியாவிலிருந்து மச்சான் முறையான ஒருவர் முதல் நாள் சொல்லியிருந்தார். முகாமைச் சுற்றி முள்ளுக்கம்பி, உள்ளே போக எவரையும் விடுவதில்லை. நாட்டுக்கு விளையாடுகிறவன் என்று ஒரு கடிதம் கையில் இருந்தால் வாசலில் நிற்பவன் மரியாதையாகப் பார்ப்பான் என்று அவன் நம்பினான். யாரோ ஒருவர் அப்படிப் போய்த் தகப்பனைக் கண்டுவிட்டு வந்ததாகத் தொழிற்சாலையில் கதை. ஆகவே விண்ணப்பம் இருக்கட்டும் என்று கேட்டான்.

"அப்ப உந்தப் பேரை நெஞ்சில குத்திக்கொண்டு ஐஸில இறங்கச் சொல்லுறியோ?" என்றார் உபதலைவர்.

"நெஞ்சில வேண்டாம் அண்ணை. கடிதத்தில இருந்தால் காணும்."

"உன்ர அம்மா ஒராள். அங்க எத்தினை ஆயிரம் சனம்."

"எனக்கு ஒராள்தான் அண்ணை."

பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். பிரேரணை நிறைவேறியது. எதிராக உயர்ந்த கை இரண்டு. ஒன்று அவனுடையது, மற்றது எங்கள் பொருளாளருடையது, அவர் எதற்கும் எதிராகத்தான் உயர்த்துவார். செயலாளருக்கு வாக்கு இல்லை. நானே எழுதிக் கொடுத்த யாப்பில், அணியின் விதிக்கோவையில், உள்ளது அது. ஒரு வாரத்துக்குள் வாபஸ் கடிதத்தை அனுப்பும்படி என்னைப் பணித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோலி வீட்டுக்கு வந்தான். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். நான் அவனுக்கு விளக்கினேன். கனடியக் குடியுரிமைக்காரன் முகாமுக்குப் போவதென்றால் முதலில் விசா, பிறகு அங்குள்ள அமைச்சின் அனுமதி, மாவட்ட அதிகாரியின் கையொப்பம், முகாமுக்குப் பொறுப்பானவரின் சம்மதம். வயது போனவர்களை உறவினர் பொறுப்பில் எடுப்பதென்றால் வேறு ஒரு வழி, அதற்கு அடையாள அட்டை வேண்டும்; அம்மாவின் அட்டை ஏதோ ஒரு பதுங்கு குழியில் கிடக்கிறது. புது அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதைப் பதிந்த கந்தோர் இப்போது இல்லை. காணாமற்போனோரைத் தேடும் படிவம், எம்.பி.யின் அலுவலகத்துக்கும் வெளிநாட்டமைச்சுக்கும் கடிதம், எல்லாவற்றையும் நாங்கள் இருவரும் ஏற்கெனவே நிரப்பி அனுப்பியிருந்தோம். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். இந்த ஒழுங்கில் எந்த இடத்திலும் ஐஸ் ஹொக்கிக்கு ஒரு பெட்டி இல்லை என்று சொன்னேன். நன்றாகத்தான் விளக்கினேன். அரை மணித்தியாலம் எடுத்தது.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதுகளுக்க எது வேலை செய்யும், அங்கிள்?" என்றான்.

நான் யோசித்துப் பார்த்தேன். "ஒண்டும் இல்லை," என்றேன்.

"அப்ப இது இருக்கட்டும்."

வாபஸ் கடிதத்தை நான் அனுப்பவில்லை. துணிச்சல் என்று எவரும் நினைக்க வேண்டாம். கூட்ட அறிக்கை அடுத்த கூட்டத்தில் வாசித்து ஏற்கப்படும்வரை அதன்மேல் நடவடிக்கை எடுக்கச் செயலாளர் கடமைப்பட்டவர் அல்லர். அடுத்த கூட்டத்துக்குப் போதிய ஆட்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அதற்குள் உபதலைவரின் பக்கம் பிரிந்துபோய், வேறு பெயரில், பதினேழு பேர் நிர்வாகசபையோடு இன்னொரு அணி தொடங்கிவிட்டது. அவர்களும் மலர் போட்டார்கள். அவர்களுக்கும் வரலாறு எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார்கள். அதே ஆசிரியைகள், அதே பதினொன்று. எழுதிக் கொடுத்தேன்.

ஆடியில் சுற்றுப்போட்டி நடந்தது. எங்களுக்குப் பதில் வரவில்லை. செயலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறுப்பானவர் விடுமுறையில் என்றது ஒரு குரல். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். இருபத்திரண்டு வருடம் அது என்னுடைய குரல். நுழைவுச்சீட்டு எடுத்து, கோலியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். வெயில் நாடுகளின் ஆட்கள் விழுந்தெழும்பி ஆடினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அந்தந்த நாட்டின் தேசிய கீதம் போட்டார்கள், எல்லாரும் எழும்பி நின்றார்கள். எங்கள் பாட்டைப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்க்காமல் கோல் காப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வரும் வழியில், ஒருவரும் சரியாக நிற்கிறார்கள் இல்லை என்றான்.

ஆவணியில் வன்னியில் மழை. முகாமில் கூடாரங்களுக்குள் தண்ணீர் ஏறிய படங்கள் வந்தன. அதற்குப் பிறகு வவுனியாவிலிருந்து மச்சான்காரர் தொலைபேசி எடுத்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனத்துக்குக் காத்திருந்த இடத்தில் முடிந்துவிட்டது. அவர் எடுத்தபோது அது நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. அடக்கம் செய்தது யார், எங்கே என்பதை விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

சாவுத் துடக்கு என்றும் பாராமல் அந்த ஞாயிறு கோலி அரினாவுக்கு வந்தான். எங்கள் பக்கத்தில் மிச்சம் ஐந்து பேர். அவன் கவசம் கட்டி, முகமூடியை இழுத்துவிட்டு, கோல் வாசலில் போய் நின்றான். மற்றவர்கள் பக்கைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு நடுவிலேயே சுற்றினார்கள். அவன் பக்கம் ஒருவரும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், மட்டையால் ஐஸில் தட்டினான்.

"அடியுங்கோவன்," என்றான். "சும்மா நிண்டு என்ன செய்யிறது."

தலைவர் மெதுவாக ஒன்றைத் தட்டிவிட்டார். அது அவனிடம் வந்து சேர்வதற்கு முன் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் வெளியே பலகையில் குந்தியிருந்தேன். இப்படியான நேரத்தில் ஒரு செயலாளர் செய்ய வேண்டியது என்ன என்று யாப்பில் எதுவும் எழுதி வைக்கவில்லை.

புரட்டாசிக்குப் பிறகு ஐஸ் நேரத்தை நான் புதுப்பிக்கவில்லை. கோலி விட்பிப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. பதினான்காம் விதியின் கீழ் எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, தாமதத்துக்கு வருந்துகிறோம். உள்ளே எட்டுச் சான்றிதழ்கள். கீழே பெயர் குறிப்பிட்டவர் இன்ன நாட்டின் தேசிய ஆண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் ஆட்டக்காரர், அவருக்கு உரிய உதவிகளை வழங்குமாறு சம்பந்தப்பட்ட சகலரையும் கேட்டுக்கொள்கிறோம். நான் பார்த்த ஆவணங்களில் அப்படி ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டவை சிலதான். அவனுடையதை எடுத்து மேசையில் தனியே வைத்துவிட்டு, தொலைபேசி எடுத்தேன். எடுக்காமலும் விட்டிருக்கலாம். ஆனால் அது அவனுடைய கடிதம்.

அவன் களஞ்சியத்தில் நின்றான், பின்னால் வாகனங்கள் பின்னோக்கி வரும் சத்தம். சொன்னேன்.

"என்ர பேர் சரியா இருக்கோ, அங்கிள்?"

"சரியா இருக்கு."

"சீல் குத்தியிருக்கோ?"

"ஓம். தடவினால் கைக்குத் தெரியுது."

"அப்ப என்னை உள்ள விட்டிருப்பாங்கள்," என்றான்.

இல்லை என்று சொல்ல எனக்கு எல்லா விதிகளும் தெரியும். ஓம் என்றேன். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். நான் உறையின் மூலையில், கிடைத்தது என்று எழுதி, திகதியைப் போட்டேன்: 2010 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.