சந்துருவின் இடப்பக்கம்

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற சசிரேகாவிடம், மகனைப் பற்றி யாராவது "பாவம்" என்று சொல்லிவிட்டால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். "கையும் காலுந்தானுங்க சரியில்ல. கண்ணுல ஒரு கொறையுங் கெடையாது!" பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டு, சந்துருவுக்கு இடது கையும் காலும் விறைத்துப்போயிருந்தன. மிச்சமிருந்த கண்ணை அவள் விட்டுக்கொடுப்பாளா?

அந்தக் கண்ணைத்தான் பார்க்கவேண்டும் என்று எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்துக்காரர்கள் கண் பரிசோதனை முகாமுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். லீவு போட்டுவிட்டுப் புருஷன் வேலனோடு போனாள்.

பரிசோதிக்க வந்த ஷண்முகப்ரியா சின்னப் பெண். அறையை இருட்டாக்கினாள். சந்துரு அம்மா மடியில். எதிரே வேலன் கிலுகிலுப்பையை ஆட்டினான். ஷண்முகப்ரியா பின்னால் நின்று, குச்சி நுனியில் எரியும் சின்ன விளக்கைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல முன்னே கொண்டுவந்தாள். கண்ணில் பட்டதும் பிள்ளை திரும்பவேண்டும், அவ்வளவுதான்.

வலப்பக்கம் சட்டென்று திரும்பினான். இடப்பக்கம் திரும்பவில்லை. சசிரேகா யாருக்கும் தெரியாமல் அவன் இடது விலாவில் விரலால் அழுத்தினாள். திரும்பினான்.

"அக்கா, நீங்க எதுர்ல உக்காருங்க. அண்ணன் மடியில வெச்சுக்கட்டும்," என்றாள் ஷண்முகப்ரியா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எதிரே உட்கார்ந்த பிறகு சசிரேகா கண்ணாரப் பார்த்தாள். விளக்கு இடது கன்னத்தை உரசுகிற மாதிரி வந்தும், பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது. மூளைக்குத்தான் இடப்பக்கம் எட்டறதில்ல. அந்தப் பக்கம் யாரு வந்தாலும் தம்பிக்குத் தெரியாதுங்க அக்கா."

விறைத்த கையைத் தாங்கிப் பிடிக்கத் தோதாக, சசிரேகா என்றைக்கும் அவன் இடப்பக்கம்தான் உட்காருவாள். சோறூட்டுவதும் பக்கத்தில் படுப்பதும் அங்கேதான். வாயருகே கை வந்ததும் திடுக்கிட்டு முகத்தை இழுத்துக்கொள்வான். காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோமே, அந்தக் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். "அம்மா மேல அத்தன ஆத்திரமாடா?" என்று எத்தனை தரம் அழுதிருக்கிறாள்! பிள்ளைக்குக் கோபமே இல்லை. அவள் அங்கே இருப்பதுதான் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பழக்கதோஷத்தில் மறுபடியும் இடப்பக்கமே உட்கார்ந்துவிட்டாள். சந்துரு வலப்பக்கமாகவே யாரையோ தேடிக்கொண்டு வந்தான். பாதி வழியில் உறைத்தது. எழுந்து, அவனை நகர்த்தி உட்காரவைத்து, அந்தப் பக்கம் போனாள்.

"ம்மா!"

வலது கையை நீட்டிச் சிரித்தான். சாயங்காலம் காப்பகத்திலிருந்து கூட்டிவரப் போகும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு. பஸ் ஏறியதிலிருந்து ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மா, அவனுக்கு இப்போதுதான் வந்திருந்தாள்.