மாடி வீட்டுக்கு ஒரு லேத்து

தொழிற்சாலைக்கு லேத்து விற்பது வியாபாரம். வீட்டுக்கு லேத்து விற்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. கடை வாசலில் நின்று எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் செகந்திராபாத் ராணிகஞ்சில், இரும்பு கடைகிற லேத்து விற்கும் ஒரு மெஷின் கடையில் சேர்ந்திருந்தேன். தீபாவளிக்குள் ஒரு மெஷினாவது விற்காவிட்டால் மதுரைக்கு ரயிலேறு என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்போது வந்தவர்தான் மெட்டுகுடா அருள்ராஜ் சார். ஒரு மத்திய அரசு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துக் கட்டடத்து லேத்துச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே ஏங்கிப்போனவர்.

பச்சையா, சாம்பலா?

மனைவி பிலோமினாவோடு வந்தார். எவ்வளவு நீளக் கம்பி பிடிக்கும், எவ்வளவு கனம் கடையலாம் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். ஒரு கம்பியைக் கடைந்தும் காட்டினேன். சுருள் சுருளாக இரும்பு விழுந்ததும் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை லேத்தைத் தடவிக்கொடுத்தார்.

அந்த அம்மா கைக்குட்டையால் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பச்சை நக்கோ தம்பி, சாம்பல் குடுங்க. ஹால்ல சோஃபா நீலம்.”

மேலே, கீழே

ஹால் மாடியில் இருக்கிறது என்பது வண்டியோடு போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் கமால் சாயபு கேட்டை மூடிவிட்டார். எனக்கு மதுரை ரயில் கூவுவது காதில் கேட்டது. கனத்தைப் பரப்ப அடியில் பலகை போடுவோம், ஒன்றும் ஆகாது என்று கெஞ்சினேன். அவர் உள்ளே போய்த் தன் அறையின் கூரையை அண்ணாந்து பார்த்தார். பக்கத்து அறைக்குப் போய் அங்கும் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“ஹவ், சரி, மேலே ஏத்துங்க. ஆனா கைக்கு, எதுக்கு என் ரூமுக்கு மேலே? அந்த மூலைக்குத் தள்ளுங்க, கீழே என் மச்சான் படுக்கிறான்.”

ஞாயிற்றுக்கிழமைப் படம்

வீட்டுக் கரண்டே போதும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஞாயிறு மாலை ஓட்டிக் காட்டப் போனேன். சுவிட்சைப் போட்டதும் தெரு முழுக்க விளக்கு மங்கியது. அந்தத் தெருவுக்கே ஒரு டி.வி.தான், அதில் படம் ஒரு கோடாகச் சுருங்கிவிட்டதாம். கூட்டம் திமுதிமுவென்று மாடி ஏறியது. நான் சோஃபாவுக்குப் பின்னால் பதுங்கினேன்.

அடி விழும் என்றிருந்தேன். வந்தவர்கள் இரும்புச் சுருளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். டி.வி. வீட்டு அம்மா மட்டும் என்னைக் கண்டுபிடித்துக் கேட்டார்: “கதாநாயகி செத்தாளா பொழைச்சாளான்னு இனி நீங்கதான் சொல்லணும்.”

நகை

தீபாவளிக்குப் பிறகும் நான் ராணிகஞ்சிலேயே இருந்தேன். ஒருநாள் சார் மனைவியோடு மறுபடி வந்தார், பையில் எதையோ துணி சுற்றிக்கொண்டு. என்ன செய்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: லேத்துக்குப் பித்தளைக் கைப்பிடி, லேத்துக்குத் திருகு, லேத்துக்கு எண்ணெய்க் கிண்ணம். அடுத்து லேத்துக்கு ஒரு பல்சக்கரம் வேண்டுமாம். பல் வெட்ட மில்லிங் மெஷின் இல்லாமல் முடியாதாம்.

எனக்கே மனசு கேட்கவில்லை. பல்சக்கரம் கடையில் ரெடியாகக் கிடைக்கும் சார் என்றேன். பெண்ணை மட்டமாகப் பேசிவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிலோமினா அம்மாதான் பெருமூச்சு விட்டார்: “மில்லிங்கையும் காட்டுங்க தம்பி, சாம்பல்லயே. எனக்கு ஒரு வளையல் வாங்கினவர் இல்ல, அதுக்கு மட்டும் மாசம் ஒரு நகை!”

மெஷின் வாங்க வருகிறவரிடம் ‘என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்கிற மடத்தனத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.