அப்ப நான் வாறன்

எங்கள் சேவைக் கழகம் செய்கிற நல்ல காரியம் வெளியே ஒருவருக்கும் தெரியாது. அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கிற எங்களுக்கே தெரியாது. மரம் நட்ட செய்தியைப் பத்திரிகையில் பார்த்த பிறகுதான் பாதிப் பேர், "ஓ, நாங்கள் மரம் நட்டிருக்கிறம்" என்று அறிந்துகொண்டார்கள். கூட்ட அறிவித்தலை ஒருவர் மற்றவருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். உடுவிலில் சனிக்கிழமையாகப் புறப்படுகிற கூட்டம் சுன்னாகம் தாண்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும்.

அந்த வருடம் தலைவர் நான். யார் தலைவர் என்று கேட்ட நேரத்தில் எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்துவிட்டேன்.

விளம்பரத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது கையை உயர்த்தியவர் புதிதாகச் சேர்ந்த அண்ணை. வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. பிள்ளைகள் கனடாவில். நெல்லியடியிலிருந்து வல்லை வெளிக் காற்றில் மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டி எங்கள் கூட்டத்துக்கு வருவார். "வீட்டிலை இருந்தா மணிக்கூட்டுச் சத்தம்தான் கேக்குது" என்று ஒருநாள் சொன்னார். கழகம் இல்லையென்றால் அவர் கதவைத் திறக்கவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணை உடனே வட்சப்பில் ஒரு குழு தொடங்கினார். கழகச் செய்தி மட்டுமே போடலாம் என்பது சட்டம். மறுநாள் காலை அதில் ஒரு றோசாப்பூ, ஒரு முருகன், ஒரு வேதாகம வசனம், காணாமற்போன ஆட்டின் படம் எல்லாம் வந்து இறங்கின. அண்ணையின் அறிவித்தல் மட்டும் வங்கிச் சுற்றறிக்கை மாதிரி வரும். "மதிப்புக்குரிய அங்கத்தவர்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கி, கழகத்தின் வரலாற்றை ஒருமுறை வலம்வந்து, திகதியையும் இடத்தையும் கடைசி வரியில் வைப்பார். அந்த வரிக்கு எவரும் போய்ச் சேர்ந்ததில்லை.

ஆனால் பதில் மட்டும் தவறாமல் வரும்: "ஓம்." கடற்கரை துப்புரவாக்க வரச்சொன்னபோது குழு முழுக்க "ஓம்" விழுந்தது. அத்தனை பேருக்கும் சாப்பிடக் கடையில் றோல்ஸ் சொல்லிவைத்தார். வந்தது நாங்கள் மூன்று பேர்.

"ஓம் எண்டுதானே போட்டவை?" என்றார், விளக்குமாற்றைப் பிடித்தபடி.

"அண்ணை, எங்கடை ஓம் எண்டா காதிலை விழுந்தது எண்டுதான் கருத்து. வருவினம் எண்டில்லை."

மூன்று நாள் றோல்ஸ் சாப்பிட்டேன்.

அடுத்தது மயிலிட்டியில் இலவசக் கண் பரிசோதனை. இந்த முறை பனர் அடிப்போம் என்றார் அண்ணை. தலைவர் என்பதால் என் படம் போடவேண்டுமாம். அடையாள அட்டைக்குச் சேலையில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். அதில் நான் சிரிக்கவில்லை. பனர் வந்து சந்தியில் தொங்கியது. என் முகம் வட்டச் சட்டத்துக்குள், சுற்றிலும் பூமாலை, இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. "கண்" என்ற எழுத்து மட்டும் பெரிது. யாழ்ப்பாணத்தில் சந்தியில் அப்படி ஒரு படமும் "கண்" என்ற எழுத்தும் தெரிந்தால், மிச்சம் "ணீர் அஞ்சலி" என்று வாசிக்காமல் யார் போவார்கள்?

அன்று மாலை என்னோடு முன்பு வேலைசெய்த ஒருவர் வெள்ளைச் சேலையில், அழுத கண்ணோடு வாசல் படலையில் நின்றார். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ... இருக்கிறியே?" என்றார்.

"இருக்கிறன். தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

செத்தவீட்டுக்கு வந்தவர் இரண்டு கோப்பை குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் குழுவில் எங்கள் ஆட்கள் விடுவார்களா? பனரைப் படம் எடுத்துப் போட்டார்கள். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் ஒருவர். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எப்ப?" என்றார் இன்னொருவர். அறிவித்தல் ஒன்றையும் வாசிக்காதவர்கள் அன்று வரிக்கு வரி வாசித்தார்கள். இருட்டுகிற நேரம் அண்ணையிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"சரி. அப்ப நான் வாறன்."

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஊரில் எழும்பிப் போகிறவன் சொல்கிற வார்த்தை அது. அண்ணை கழகத்தை விட்டுப் போகிறார். நான் பதில் எழுத எழுத்துகளைத் தேடுவதற்குள் மற்றவர்கள் முந்திவிட்டார்கள். "நல்லது அண்ணை, வாங்கோ." கட்டைவிரல். இன்னொரு கட்டைவிரல். மயிலிட்டி ஒழுங்குகளைப் பார்க்கிற குருநகர் ரீச்சர் எழுதினார்: "வரேக்கை மைக் செற்றையும் கொண்டு வாங்கோ அண்ணை. உங்களை நம்பித்தான் இருக்கிறம்."

தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நான் விலகிறன் எண்டெல்லோ சொன்னனான்!"

"நீங்கள் வாறன் எண்டுதானே போட்டிருக்கிறியள்."

"பின்னைப் போறன் எண்டு ஆரும் எழுதுவினமோ? என்ரை மனுசி உந்தச் சொல்லை வீட்டிலை எடுக்க விடமாட்டா."

விடமாட்டா என்றார், மனைவி இன்னும் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்பதுபோல. பிறகு குரல் இறங்கியது.

"உந்தக் கடையிலைதான் அவவின்ரை அஞ்சலியும் அடிச்சது. அதே சட்டத்தை எடுத்துப் போட்டிட்டாங்கள். சரி பாக்கச் சொல்லி அனுப்பினவங்கள். என்னாலை பாக்க முடியேல்லை. பாக்காமலே சரி எண்டிட்டன்."

சிரித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது, குழுவில் இருந்த அத்தனை பேர்மீதும் கோபமாகவும் இருந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் தெரிந்தது.

"இப்ப மைக்குக்கு என்ன செய்யிறது?" என்றார் அவரே.

"கொண்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

கொண்டுவந்தார். மயிலிட்டியில் கண் வைத்தியர் தயார், கதிரைகள் தயார், சனம்தான் இல்லை. ஓட்டோவில் மைக்கைக் கட்டி அண்ணை துறைமுகப் பக்கம் புறப்பட்டார். "மதிப்புக்குரிய பொதுமக்களின் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கினார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரும் நிமிரவில்லை.

"அண்ணை, கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்றார் ரீச்சர்.

கொஞ்சநேரம் மைக் இரைந்தது. பிறகு ஊர் முழுக்கக் கேட்டது: "அம்மாமார், ஐயாமார், கண் தெரியேல்லை எண்டா வாங்கோ! சந்தியிலை படத்திலை தொங்கிற அம்மா சாகேல்லை! உயிரோடை இஞ்சைதான் இருக்கிறா! வந்து பாருங்கோ!"

வந்தார்கள். முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகுதான் வைத்தியரைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "படத்திலை கொஞ்சம் வெள்ளை" என்றார். மத்தியானத்துக்குள் கதிரை போதவில்லை. அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

எல்லாம் கட்டி ஏற்றிய பிறகு தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, "சரி, அப்ப நான் வாறன்" என்றார்.

"இது எந்த வாறன், அண்ணை?"

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

நான் வீடு வந்து கால் கழுவுவதற்குள் தொலைபேசி சிணுங்கியது. "மதிப்புக்குரிய அங்கத்தவர்களின் மேலான கவனத்திற்கு." வரலாறு, வலம், எல்லாம் இருந்தது. கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அங்கே அடுத்த கூட்டத்தின் திகதி இருந்தது. "ஓம்" என்று போட்டேன். அவர் நம்பமாட்டார் என்று நினைத்து, "கட்டாயம் வருவன்" என்றும் சேர்த்தேன்.