பாக்கியம் பொய் சொல்லவில்லை

பாக்கியம் போய்விட்டாள் என்ற செய்தியை கொடைக்கானல் பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஓடையில் கேரட் கழுவிக்கொண்டிருந்தேன். தாண்டிக்குடியில் மகள் வீட்டில் இருந்தவள், நெஞ்சுச்சளி முற்றி முந்தின நாளே இறந்துவிட்டாளாம். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பண்ணையிலிருந்து நாம் எல்லாரும் போயிருந்தோம். அங்கே ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும், "பொய் புளுகு இருந்தாலும் நல்ல மனசுக்காரி" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. முப்பதாம் நாளுக்கு அச்சடிக்கிற தாளில் போட மகள் என்னிடம் நாலு வரி கேட்டாள். நாலு வரியில் முடியாது. நான் படித்தது நாலாவது வரைதான், தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

பாக்கியம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குத் தினக்கூலியாக வந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே கொட்டகை. மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். முடியாது என்பதற்கு அவள் "ஏலாது" என்பாள். அதைச் சொல்லிக்காட்டி நாம் சிரிப்போம். அவளும் விடமாட்டாள். "நீங்க முடியும் முடியும்னு சொல்லிட்டு ஓடி ஒளிவீங்க. நாங்க மொதல்லயே ஏலாதுன்னு சொல்லிருவோம்" என்பாள்.

ஒரு வருஷம் குட்டி போட்ட ஆடுகளுக்கு அடிவயிற்றுப் புண் வந்தது. கருப்பையும் இடுப்புக்குழியும் அழன்று, பின்னால் நாற்றநீர் வடியும். தொட்டால் முதுகை வளைக்கும். புதிதாக வந்த டாக்டர் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். தோட்டத்தில் மாடுகளுக்குத் தான் கொடுத்த மருந்து ஒன்று இருக்கிறது என்றாள் பாக்கியம். கழற்சிக்காய்ப் பருப்பு, மிளகு, பூண்டு அரைத்து, கருப்பட்டித் தண்ணீரில் கலக்கி மூங்கில் குழாயால் புகட்டுவது. டாக்டர் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சோதித்தே பார்த்துவிடுவோம் என்றார். பழனியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அவரே காய் வாங்கிவந்தார்.

சீக்கான ஆடு பன்னிரண்டு. ஆறின் முதுகில் நீலச் சாயம், அவற்றுக்கு மருந்து. ஆறுக்குச் சிவப்பு, அவற்றுக்கு வெறும் கருப்பட்டித் தண்ணீர். எந்தக் கூட்டம் தேறுகிறது என்று பத்து நாள் பார்க்க வேண்டும். புகட்டுவது அவள். வாயைப் பிளந்து பிடிப்பது நான்.

மூன்றாம் நாள் சிவப்புச் சாய ஆடு ஒன்று மூலையில் போய் நின்றுகொண்டது. குட்டி மடியை முட்ட வந்தால் உதைத்துத் தள்ளியது. பாக்கியம் கையிலிருந்த கருப்பட்டித் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள்.

"இதப் பாத்துக்கிட்டு வெறுந்தண்ணி குடுக்க என்னால ஏலாது மதினி. வாயப் பிடி."

பிடித்தேன். அன்றிலிருந்து சிவப்புச் சாயம் ஆறுக்கும் மருந்துதான்.

பத்தாம் நாள் பன்னிரண்டும் தீவனம் தின்றன. டாக்டர் முகம்தான் வாடிப்போனது. இரண்டு கூட்டமும் ஒன்றுபோலத் தேறிவிட்டதால், இது தானாக ஆறுகிற சீக்கு, மருந்தில் ஒன்றுமில்லை என்றார். பாக்கியம் அந்த இடத்திலேயே நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. மருந்து தோற்றதும் கதை கட்டுகிறாள் என்று நினைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீதானம்மா வாயப் பிடிச்சே. எல்லாத்துக்கும் மருந்தா குடுத்தது?"

தினக்கூலியாக இருந்த என்னை நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு இருந்த நேரம் அது. "கலக்குறது அவதாங்க. நான் ஒண்ணும் பாக்கலைங்க" என்றேன்.

அவர் நோட்டில் எழுதி மூடிவிட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மறுபடி சோதித்திருப்பார். மருந்து கேட்டதா, தானே ஆறியதா என்பது தெரிந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாமலே எழுதிவிட்டார்.

நான் நிரந்தரம் ஆனேன். அவளைக் கொட்டகையிலிருந்து எடுத்துப் புல் அறுக்கப் போட்டார்கள். நாம் என்ன செய்தோம்? "கருப்பட்டித் தண்ணி வருது" என்றோம். அவள் டீ ஊற்றிக் கொடுத்தால் மருந்தா, வெறுந்தண்ணியா என்று கேட்டோம். மழையில் புல்லுக்கட்டோடு அவள் நனைந்து போக, கொட்டகைக்குள் நின்று சிரித்தோம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு வருஷம்.

அவள் என்னோடு பேச்சை நிறுத்தவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஆட்டு வாய நீ பிடிச்ச, சரி. ஒன் வாய யாரு மதினி பிடிச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பஸ் வர அரைமணி நேரம் ஆனது. நான் சொல்லவில்லை.

பண்ணையில் இருக்கிற எல்லாருக்கும் இப்போது சொல்கிறேன். பாக்கியம் பன்னிரண்டு ஆட்டுக்கும் மருந்து கொடுத்தாள். கொடுத்ததை மறைக்காமல் சொன்னாள். பொய் சொன்னது நான். டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த நோட்டு ஆபீஸ் பீரோவில் கிடந்தால் யாராவது எடுத்துக் கொடுங்கள், அதிலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

மருந்தின் அளவைக் கேட்காதீர்கள். கலக்கியது அவள், எனக்குத் தெரியாது, அது அவளோடு போய்விட்டது. என்னிடம் மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான். பாதி உங்கள் மேல், பாதி என் மேல். ஆறுதல் சொல்லி அதைத் தணிக்க யாரும் என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.