வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

வியாழன் மாலை ஏழு நாற்பது. கால்கரியில் என் கைப்பேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு பித்தளைப் பூட்டு. பிறகு அம்மாவின் விரல். அதற்குப் பின்னால் சென்னையை ஒட்டிய பட்டாபிராமின் வெள்ளிக்கிழமைக் காலை வெயில்.

“பாஸ்போர்ட் உள்ள இருக்கு” என்றாள் அம்மா.

சென்னையிலிருந்து கால்கரிக்கு நேர்கோட்டில் சுமார் பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். இடையில் விமானம் மாறக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு நாள். இணையதளங்கள் இந்தக் கணக்கை மீனம்பாக்கத்தில் தொடங்குகின்றன. அம்மா முந்தைய நாளே பக்கத்து வீட்டில் தொடங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் புறப்படக் கூடாது. அதனால் வியாழனன்றே நல்ல நேரம் பார்த்துப் பையைத் தனம் அக்கா வீட்டில் வைத்தாள். பரஸ்தானம் என்பார்கள். பை படி தாண்டிவிட்டால் பயணம் தொடங்கியதாகப் பொருள். மற்றவர்கள் ஒரு புடவையை வைப்பார்கள். அம்மா பாஸ்போர்ட் இருந்த கைப்பையையே வைத்திருந்தாள்.

“சேலைய வச்சா சேலைதான கெளம்பும்? நான் கெளம்ப வேண்டாமா?”

அப்பா ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி கிளம்பும்போதும் எங்கள் பெட்டி முந்தைய நாளே அடுத்த குவார்ட்டர்ஸுக்குப் போய்விடும். புறப்படும் நேரத்தில் அந்த வீட்டு அம்மாளே அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். இந்த முறை தனம் அக்கா, அம்பத்தூரில் பேரனுக்குக் காய்ச்சல் என்று விடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் ஏறியிருந்தார்.

விமானம் நண்பகலில். அதை விட்டால் அடுத்த டிக்கெட் செவ்வாய்க்கிழமைதான். எனக்கு மருத்துவர் குறித்திருந்த நாள் திங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வழக்கம். என்னால் முடியாததால் தாய்வீடு விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

கீழ்த்தளத்து லிண்டா சூப் கொண்டுவந்தவள், என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். அம்மாவின் பாஸ்போர்ட் பக்கத்து வீட்டுக்காரியிடம் மாட்டிக்கொண்டது என்றேன்.

“போலீஸைக் கூப்பிட்டாயா?”

“அவள் திருடவில்லை. அம்மாவே கொடுத்தது.”

“மிரட்டினாளா?”

அதற்குள் திரையில் கால்டாக்சி ஓட்டுநரின் கைப்பேசி நீண்டது. ஸ்பீக்கரில் தனம் அக்கா.

“இன்னாக்கா, இன்னும் நின்னுகினு கீற? பூட்ட ஒட! நான் திரும்பி வர்றதுக்குள்ள பிளேனு பூடும்.”

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா, அடுத்தவ வீட்டுப் பூட்டையா?”

“ஒன் பேரப்புள்ள வெள்ளிக்கெழம பாத்துகினா வெளிய வரும்? ஒடக்கா!”

ஓட்டுநர் வண்டியிலிருந்து ஸ்பானரோடு வந்தார். “தள்ளிக்கமா, நான் அடிக்கிறேன்.”

“வேண்டாம் தம்பி. நாளைக்குத் தெருவுல உன்னச் சொல்லுவாங்க. நானே உடைக்கிறேன்.”

லிண்டாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபத்து நான்கு வயது அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடித்தாள். பூட்டு பிடிவாதமாக இருந்தது, அம்மா அதைவிட. கடைசியில் உடைந்தது பூட்டல்ல, கதவின் கொண்டி. பையை எடுத்தவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக வண்டியில் ஏறினாள்.

“உன் அம்மா பயங்கரமானவள்” என்றாள் லிண்டா. பாராட்டாகத்தான் சொன்னாள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகப் புரிந்தது.

கால்கரியில் வெள்ளி இரவே அம்மா வந்து இறங்கினாள். மறுநாள் மாலை எனக்கு மகள் பிறந்தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மா முதலில் அழைத்தது தனம் அக்காவை.

“எப்பக்கா பொறந்துச்சு?”

அம்மா இன்னும் பட்டாபிராம் நேரத்திலேயே ஓடிய கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “இப்பதான். ஞாயித்துக்கெழம காலைல.”

பிறப்புச் சான்றிதழில் சனிக்கிழமை என்று இருக்கிறது.